இரண்டு கேண்டன், நான்கு மைக்ரோமீட்டர்

நான் குடியிருக்கும் ஊருக்குப் பெயர் கேண்டன். மிச்சிகனில், டெட்ராய்டுக்கு மேற்கே காரில் அரை மணி நேரம். வேலை விஷயமாக வருடத்துக்கு இரண்டு முறையாவது போய்வரும் ஊருக்கும் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பழைய பெயர் கேண்டன்தான், இப்போது குவாங்சோ என்கிறோம். இந்தப் பெயர் ஒற்றுமை தற்செயலானது இல்லை. கிட்டத்தட்ட இருநூறு வருடங்களுக்கு முன் இந்தக் காட்டையெல்லாம் டவுன்ஷிப்புகளாகப் பிரித்தபோது யாருக்கோ சீனப் பித்து பிடித்திருக்கிறது. நான்கின், பீகின், கேண்டன் என்று மூன்று இடங்களுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் பிற்பாடு பெயரை மாற்றிக்கொண்டன. எங்கள் ஊர் மட்டும் 1834இலிருந்து அப்படியே இருக்கிறது. ஒரு காலத்தில் சோளத்துக்குப் பேர்போன இடம், இப்போது திரும்பிய பக்கமெல்லாம் நம் ஆட்கள்.

இந்தக் கேண்டனுக்கும் அந்தக் கேண்டனுக்கும் அலைந்துகொண்டிருப்பதால் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். போன குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பெரியவரும் கேட்டார். "நீதான் அங்கே போய்ட்டு வர்ற ஆளு, மறைக்காமச் சொல்லு. அவங்க நம்மளைத் தாண்டிட்டாங்களா, இல்லையா?"

அந்த "நம்ம"வில் என்னையும் சேர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. "எதுல தாண்டுறதைக் கேக்குறீங்க?" என்றேன். "வக்கீல் மாதிரி பேசாதே" என்று சொல்லிவிட்டு, பனி தள்ளும் மெஷினை மறுபடி கிளப்பிவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் என் கேள்வி சரியானதுதான். டாலர் கணக்கில் மொத்த உற்பத்தியை எடுத்தால் அமெரிக்காதான் இன்னும் முன்னால். அந்தந்த ஊர் விலைவாசிக்கு ஏற்பக் கணக்குப் போட்டால் சீனா 2014இலேயே முந்திவிட்டது. உலகத்தில் உருக்கும் எஃகில் பாதிக்கு மேல் சீனாவில் உருகுகிறது. தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் அமெரிக்கருக்கு வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல், சீனருக்கு ஏறத்தாழ 13,000. 2020 இறுதியில் லண்டனில் ஓர் ஆய்வு நிறுவனம், 2028இல் சீனா முந்தும் என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி தேதியே குறித்தது. 2021இல் அமெரிக்கப் பொருளாதாரத்தில் முக்கால்வாசி வரை வந்த சீனா, அதன்பின் வீட்டுமனை வியாபாரம் படுத்ததில் பின்னால் சறுக்கி மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விட்டது. இதையெல்லாம் பெரியவரிடம் சொன்னால் பனி முழுவதையும் என் வாசல் பக்கம் தள்ளிவிடுவார். அவர் கேட்டது இந்தக் கணக்கை இல்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பதை நெருங்குகிறார். டெட்ராய்டின் பெரிய கார் கம்பெனி ஒன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் டை மேக்கர், கார் பாகங்களை அழுத்தி உருவாக்கும் அச்சுகளைச் செய்கிறவர். நான் கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறைக்காரர் மகன், இங்கே கார் பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டில் வேலை. அதனால் எங்களுக்குள் பேச்சு எப்போதும் மைக்ரானில்தான் ஓடும், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவர் வீட்டு கராஜில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்தது, உள்ளே பச்சைத் துணி ஒட்டியது. மேல் அறையில் ஒரு ஸ்டாரெட் மைக்ரோமீட்டர், தடிமனைத் துல்லியமாக அளக்கும் திருகுக் கருவி. மாசசூசெட்ஸில் ஆத்தால் என்ற சின்ன ஊரில் 1880இலிருந்து இருக்கும் கம்பெனி. அப்ரண்டிஸாகச் சேர்ந்த வருடம் முதல் சம்பளத்தில் வாங்கியதாம். பிடிக்கும் இடத்தில் பூச்சு போய் வெறும் இரும்பு மின்னுகிறது, கோடுகள் மட்டும் இன்னும் கறுப்பாக இருக்கின்றன. கையில் எடுத்துத் திருகினால் ராட்செட் டிக் டிக்கென்று மூன்று முறை சொல்லிவிட்டு நிற்கும்.

அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் பட்டறை ஞாபகம். அவரிடம் இருப்பது மூர் அண்ட் ரைட், ஷெஃபீல்டு. மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்த தாத்தா, ரிட்டையர் ஆனபோது அப்பாவிடம் கொடுத்தது. அந்தக் காலத்து மில் இயந்திரங்களின் வார்ப்பில் ஓல்டாம் என்று ஊர்ப் பெயர் எழுந்து நிற்கும், ஓல்டாம் என்றால் ஏதோ தரத்துக்குப் பெயர் என்று தாத்தா நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். இங்கிலாந்து உலகத்தை ஆண்டதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, தினமும் எண்ணெய் விட்டுத் துடைத்தார்.

பெரியவரின் பெட்டியில் ஸ்டாரெட்டுக்குக் கீழே இரண்டு அறை தள்ளி, ஒரு துணியில் சுற்றி, ஒரு மிட்டுடோயோ இருக்கிறது. ஜப்பான். (இந்தக் கம்பெனியை 1934இல் தொடங்கியவர் ஒரு பௌத்தர், புத்தரின் போதனையைப் பரப்பப் பணம் வேண்டும் என்பதற்காக மைக்ரோமீட்டர் செய்ய இறங்கினார். மைக்ரானையும் முக்தியையும் ஒரே ஆள் துரத்தியிருக்கிறார், எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து அந்தக் கருவி மேல் ஒரு தனி மரியாதை.) ஏன் துணியில் சுற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். எண்பதுகளின் தொடக்கத்தில் டூல் ரூமுக்கு அது வந்தபோது யாரும் தொடவில்லையாம். தொட்டவனை மற்றவர்கள் முறைப்பார்களாம். மூன்று நான்கு வருடம் போனதும் பாதிப் பேர் பெட்டியில் ஒன்று இருந்தது, எல்லார் பெட்டியிலும் மேலே ஒரு துணி கிடந்தது. "நல்ல சாமான்தான்னு எல்லாருக்கும் தெரியும். வாயால ஒத்துக்கத்தான் முடியல."

அந்த வருடங்களில் டெட்ராய்டு எப்படி இருந்தது என்று இப்போது வருகிறவர்களுக்குத் தெரியாது. தொழிற்சங்க அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில், வெளிநாட்டுக் காரை டோக்கியோவில் போய் நிறுத்திக்கொள் என்று பலகை வைத்திருந்தார்கள். காசு கொடுத்தால் சம்மட்டியால் டொயோட்டா காரை ஓர் அடி அடிக்கலாம் என்று திருவிழா மாதிரி நடத்தினார்கள். 1987இல் நாடாளுமன்ற உறுப்பினர்களே தலைநகரில் புல்வெளியில் நின்று தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் நொறுக்கினார்கள்.

1982 ஜூன் 19ஆம் தேதி இரவு. டெட்ராய்டுக்குள்ளேயே தீவு மாதிரி இருக்கும் ஹைலேண்ட் பார்க்கில் வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞன், கல்யாணத்துக்குச் சில நாட்களே இருக்க, நண்பர்களோடு கொண்டாடப் போயிருந்தான். அங்கே கிரைஸ்லர் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவரோடும் அவருடைய வளர்ப்பு மகனோடும் தகராறு. உங்களால்தான் எங்களுக்கு வேலை போச்சு என்று பேச்சு முற்றி, வெளியே துரத்திப் போய், பேஸ்பால் மட்டையால் மண்டையில் அடித்தார்கள். நான்கு நாள் கழித்துச் செத்துப்போனான். சின் ஜப்பான்காரன்கூட இல்லை, சீன வம்சாவளி அமெரிக்கன். அடித்தவர்களுக்கு 1983இல் நீதிபதி கொடுத்தது மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 டாலர் அபராதமும். சிறைக்கு ஒரு நாள்கூட அனுப்பவில்லை.

பெரியவரிடம் இதைப் பற்றி ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆளை எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பேச்சு எங்க சாப்பாட்டு மேஜையில தினமும் இருந்துச்சு. நானும் பேசியிருக்கேன்." அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

1989இல் அமெரிக்கர்களிடம், உலகத்தின் முதல் பொருளாதார வல்லரசு எது என்று ஒரு கருத்துக் கணிப்பில் கேட்டார்கள். 58 சதவீதம் பேர் ஜப்பான் என்றார்கள், அமெரிக்கா என்றவர்கள் 29 சதவீதம்தான். அன்றைக்கு ஜப்பான் பொருளாதாரம் அமெரிக்காவில் பாதியைச் சற்றே தாண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த வருடம்தான் மிட்சுபிஷி நிறுவனம் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மையத்தில் பெரும்பங்கை வாங்கியது. டோக்கியோ பங்குச்சந்தை டிசம்பர் 29ஆம் தேதி உச்சத்தைத் தொட்டுவிட்டு விழுந்ததும், மறுபடி அந்த உயரத்துக்கு வர 2024 பிப்ரவரி வரை ஆனதும் பின்கதை. 2000இல் கேலப் என்ற கருத்துக் கணிப்பு நிறுவனம் இதே கேள்வியைக் கேட்டபோது 65 சதவீதம் அமெரிக்கா, 10 சதவீதம் சீனா. 2011இல் மறுபடி கேட்டால் 52 சதவீதம் சீனா, 32 சதவீதம் அமெரிக்கா! 2010 கணக்குப்படி சீனாவின் உற்பத்தி அமெரிக்காவில் பாதிகூட இல்லை.

ஜனங்களுக்குக் கணக்கு தெரியாது என்று இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2009இல் ஒரே கோடையில் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றத்தில் நின்றன, மிச்சிகனில் ஏழு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. நான் இங்கே வந்தது 2012இல், மறு வருடமே டெட்ராய்டு மாநகராட்சியே திவால் மனு கொடுத்தது. வரவேற்பு எப்படி இருக்கிறது பாருங்கள். அப்படி இருக்கும்போது உலகத்தில் யார் முதல் என்று போன் போட்டுக் கேட்டால் ஒரு மனிதன் புள்ளிவிவரப் புத்தகத்தைத் திறப்பானா, தன் தெருவில் காலியான எத்தனை வீட்டு ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள் என்று பார்ப்பானா? நம் வீட்டுக் கூரை ஒழுகும்போதுதான் பக்கத்து வீட்டில் மாடி எழும்புவது கண்ணில் படும். அவர்கள் சீனாவைப் பற்றிச் சொல்லவே இல்லை, தங்களைப் பற்றித்தான் சொன்னார்கள் என்பது என் எண்ணம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வருடங்களில் இதே கேள்வியை பியூ ஆய்வு மையம் சீனாவிலும் கேட்டது. அங்கே அதிகம் பேர் சொன்ன பதில் அமெரிக்கா. 2013இல் 39 நாடுகளில் கேட்டபோது 23 நாடுகளில், சீனா அமெரிக்காவை முந்திவிட்டது அல்லது ஒரு நாள் முந்தும் என்றவர்கள்தான் அதிகம். அமெரிக்கர்கள் மட்டும் சரிபாதியாகப் பிளந்து நின்றார்கள்: முந்தும் என்று 47, ஒருநாளும் முந்தாது என்று 47.

அந்தப் பக்கத்துக் கேண்டனுக்கு வருவோம்.

குவாங்சோவை ஒட்டி ஃபோஷான். இரண்டு ஊருக்கும் நடுவே மெட்ரோ ஓடுகிறது, ஊர் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எங்களுக்கு அலுமினிய வார்ப்புகள் செய்து தரும் ஒரு தொழிற்சாலை அங்கே இருக்கிறது. அதன் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர் ஒரு பெண், ஹூனான் மாநிலத்து ஹெங்யாங் பக்கம், முப்பத்தைந்து வயது இருக்கும். ஆங்கிலம் கொஞ்சம், மீதியைப் போனில் பேசி மொழிபெயர்த்துக் காட்டுவார். எட்டு வருடமாகப் பழக்கம்.

முதல் முறை அவருடைய பரிசோதனை அறைக்குப் போனபோது கவனித்தது: மேஜை மேல் வரிசையாகச் சீன டிஜிட்டல் மைக்ரோமீட்டர்கள், ஆபரேட்டர்கள் நாள் முழுவதும் அளப்பதற்கு. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி ஒரே ஒரு மிட்டுடோயோ. அளவில் சண்டை வந்தால் அதை எடுப்பார்களாம். போன வருடம் போனபோது அலமாரியில் பூட்டு இல்லை. ஏன் என்று கேட்டேன். சண்டை வருவதில்லை என்றார்.

அவரிடமும் நான் ஒரு நாள், நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியவரின் கேள்வியைக் கேட்டேன். நீங்கள் அமெரிக்காவைத் தாண்டிவிட்டீர்களா? சிரித்துவிட்டார். அப்புறம் போனில் பேசி, திரையை என் பக்கம் திருப்பினார். "இந்தக் கேள்வியால் எங்கள் தாத்தாவின் சட்டி போனது" என்று எழுதியிருந்தது.

மொழிபெயர்ப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கோளாறு இல்லை. 1957 கடைசியில் மாவோ, பதினைந்து வருடத்தில் எஃகு உற்பத்தியில் பிரிட்டனை முந்துவோம் என்று அறிவித்தார். பிரிட்டனை முந்து, அமெரிக்காவைப் பிடி என்பது அடுத்த வருடம் ஊர் ஊராகச் சுவரில் எழுதிய முழக்கம். கொல்லைப்புறத்தில் மண் உலை கட்டி எஃகு உருக்கச் சொன்னார்கள். தாது கிடைக்காத கிராமங்களில் ஜனங்கள் வீட்டுச் சட்டி, மண்வெட்டி, கதவுக் கீல் எல்லாவற்றையும் உலையில் போட்டார்கள். வந்தது எதற்கும் உதவாத இரும்புக் கட்டி. நாற்று நடவும் அறுப்புக்கும் ஆள் இல்லாமல், இருந்த தானியத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டுபோக, பஞ்சத்தில் கோடிக்கணக்கில் செத்தார்கள். நம் தென்மாவட்டங்களில் இரும்பு வாணலிக்குச் சீனச்சட்டி என்று ஒரு பெயர் உண்டு, அந்தச் சட்டிதான். முந்துகிற அவசரத்தில் சீனாவில் சட்டி இல்லாமல் போயிருக்கிறது. அதே நாடு இன்று வருடத்துக்கு ஏறத்தாழ நூறு கோடி டன் எஃகு உருக்குகிறது, பிரிட்டன் எங்கோ பின்னால் கிடக்கிறது, ஆனால் அந்த வீட்டில் "முந்துவது" என்ற சொல்லுக்கு இன்னும் அந்த உலைப் புகை வாசம்தான்.

அந்தப் பெண்ணின் அம்மா அப்பா இருவரும் குவாங்சோ பக்கம் ஆலைகளில் வேலை பார்த்தார்கள், பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம். வருடத்தில் ஒரு முறை, புத்தாண்டுக்குத்தான் அம்மாவைப் பார்ப்பது. 2008 தொடக்கத்தில் பனிப்புயலில் ரயில்கள் நின்று, குவாங்சோ ரயில் நிலையத்தில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். அதில் இவருடைய அம்மாவும் ஒருவர். அந்த வருடம் அம்மா வரவேயில்லை. 2009 டிசம்பரில் வூஹான் குவாங்சோ அதிவேக ரயில் வந்தது, இப்போது ஹெங்யாங்குக்கு இரண்டு மணி நேரம். "நாட்டுப் பெருமை எனக்கு எவ்வளவு இருக்கிறதென்று கேட்டால், அந்த ரயில் அளவுக்கு" என்றார். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கம் டெட்ராய்டிலிருந்து சிகாகோ ஏறத்தாழ 450 கிலோமீட்டர், ரயில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு நின்றால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் அதே மூச்சில் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். கல்லூரி முடித்துவிட்டு மூன்றாவது வருடமாக அரசாங்கத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறான், வீட்டில் படுத்திருக்கிறான். படுத்துக்கிடப்பது என்பதே அங்கே 2021இல் பெரிய பேச்சாக ஓடிய ஒரு சொல், ஓடி ஓடி என்ன கிடைத்தது, படுத்துக்கொள்கிறேன் என்ற அர்த்தத்தில். 2023 ஜூனில் 16லிருந்து 24 வயதுக்காரர்களில் 21.3 சதவீதம் பேருக்கு வேலையில்லை என்று கணக்கு வந்தது, அடுத்து அந்தக் கணக்கை வெளியிடுவதையே சில மாதங்கள் நிறுத்திவிட்டார்கள். இவர் 2020இல் கடன் வாங்கிப் பதிவு செய்த அடுக்குமாடி வீட்டுக்கு இன்று வாங்கிய விலையில் முக்கால்கூட வராது. 2020 மே மாதம் அன்றைய பிரதமர் லி கெச்சியாங், நாட்டில் 60 கோடிப் பேருக்கு மாத வருமானம் 1,000 யுவான் அளவில்தான் இருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஊரில் இருக்கும் தன் பாட்டி அந்த 60 கோடியில் ஒருவர் என்று இவர் சொன்னது ஒரு தகவல் மாதிரிதான் இருந்தது, வருத்தம்கூடத் தெரியவில்லை. இவரிடம் போய்ப் பெரியவரின் பயத்தைச் சொன்னால் நம்புவாரா? "எங்களைப் பார்த்தா? அவருக்குப் பென்ஷன் வருகிறதா?" என்று கேட்டார். வருகிறது என்றேன். "அப்புறம் என்ன?"

2025 ஜனவரியில் நடந்த ஒரு கூத்தை என் மகள் மூலமாகப் பார்த்தேன். டிக்டாக் தடை வரப்போகிறது என்றதும் இங்கிருந்த பிள்ளைகள் கோபத்தில் சியாவ்ஹொங்ஷு என்ற சீனச் செயலிக்குள் கூட்டமாகப் போய் இறங்கினார்கள். அங்கே இருந்தவர்கள், உள்ளே வர வரி கட்டு, பூனைப் படம் போடு என்றார்கள். போட்டார்கள். சீனப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு உதவி கேட்டார்கள். அப்புறம் ஒரு வாரம் ராத்திரி பகலாக இரண்டு பக்கமும் பில்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம்புலன்ஸுக்கு நிஜமாகவே அவ்வளவு பணமா, இரண்டு வேலை பார்க்கிறீர்களாமே, முட்டை என்ன விலை, வாரத்துக்கு எத்தனை நாள் லீவு. ஒருத்தர் நாட்டைப் பற்றி இன்னொருத்தருக்கு அவரவர் அரசாங்கம் சொன்னது பாதி, சொல்லாதது பாதி. என் மகள் சாப்பிடும்போது, "அப்பா, அவங்களும் டயர்டாத்தான் இருக்காங்க" என்றாள். இதைவிட நல்ல ஆய்வறிக்கையை நான் இந்த விஷயத்தில் படித்ததில்லை.

அந்த ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரியை 145 சதவீதம் வரை ஏற்றியது, சீனா பதிலுக்கு 125. ஃபோஷானில் எங்கள் வார்ப்பு லைனைச் சில வாரங்கள் நிறுத்திவிட்டார்கள், அந்தப் பெண்ணும் பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருந்தார். அதே சமயம் சீனா அரிய மண் காந்தங்களை வெளியே அனுப்புவதற்குக் கடிவாளம் போட்டது. மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு ஆலை காந்தம் இல்லாமல் ஒரு வாரம் நின்றது. கோயம்புத்தூரில் அப்பாவின் வாடிக்கையாளர் ஒருவர், அதே காந்தம் வராததால், மின்சார வண்டி மோட்டாருக்கு ஷாஃப்ட் கடையச் சொல்லிக் கொடுத்திருந்த ஆர்டரை நிறுத்தி வைத்தார். கடையாத கம்பிகள் பட்டறை மூலையில் துரு ஏறிக் கிடந்தன.

அப்பாவிடம் போனில் கேட்டேன், சீனாக்காரன் அமெரிக்காக்காரனை முந்திவிட்டானா என்று. "எவன் முந்துனா என்ன சாமி, நம்ம கரண்ட் பில்லு கொறையப் போவுதா?" என்றார். இதுதான் அவருடைய வெளியுறவுக் கொள்கை. கொஞ்சம் கிளறினால் வேறு பேச்சு வரும். ஜப்பான் என்றால் அவருக்கு ஒரு சொக்கல், வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த நேஷனல் பானாசோனிக் டேப்ரிகார்டர் இன்னும் பீரோ மேல் இருக்கிறது. சைனா என்றால் சிரிப்பு. எங்கள் வீட்டில் "சைனா செட்" என்பது ஒரு வசை. வாங்கின பத்தாம் நாள் பல்லிளிக்கும் எதற்கும் அந்தப் பேர்தான், ஒரு முறை புது மாப்பிள்ளை ஒருவருக்கும் அந்தப் பேர் வந்தது. ஆனால் பக்கத்துப் பட்டறையில் சீன லேசர் வெட்டும் மெஷின் வந்து இறங்கியதிலிருந்து குரல் மாறியிருக்கிறது. "வெட்டுறத நின்னு பாத்தேன். பிசிறே இல்ல கண்ணு" என்றார். சொல்லிவிட்டு அவசரமாக, "ரெண்டு வருசம் ஓடுதான்னு பாப்போம்" என்று சேர்த்துக்கொண்டார். டெட்ராய்டு டூல் ரூமில் நாற்பது வருடத்துக்கு முன்னால் ஜப்பானைப் பற்றி இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, சர்வதேச அழைப்பில் அப்பாவோடு சண்டை போடக் கூடாது.

கார் பக்கம் என்ன நிலவரம் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். 2011இல் பிஒய்டி என்ற சீனக் கார் கம்பெனியின் பேரைச் சொன்னதற்கு டெஸ்லா முதலாளி ஒரு பேட்டியில் விழுந்து விழுந்து சிரித்தார். 2024இல் அந்தக் கம்பெனியின் சின்ன மின்சாரக் கார் சீனாவில் ஏறத்தாழ 70,000 யுவானுக்கு விற்றது, பத்தாயிரம் டாலர் அளவுதான். அந்த வருடமே அமெரிக்கா சீன மின்சாரக் கார்களுக்கு 100 சதவீத வரி போட்டுக் கதவைச் சாத்தியது. அதே வருடம் ஃபோர்டின் தலைமை அதிகாரி ஜிம் ஃபார்லி, ஆறு மாதமாக ஷாவ்மி என்ற சீனக் கம்பெனியின் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், திருப்பிக் கொடுக்க மனமில்லை என்று சொன்னார். பெரியவருக்கு அதைக் கேட்டு முகம் சிவந்துவிட்டது. காரை வரவிடக் கூடாது என்று அல்ல, அதற்கு நேர் எதிர். "மேலே இருக்கிறவன் ஓட்டிப் பாத்துட்டான். எங்க கண்ணுல மட்டும் காட்ட மாட்டேங்குறான். நான் அந்தக் காரோட கதவைத் திறந்து டை எப்படிப் போட்டிருக்கான்னு ஒரு தடவை பாக்கணும், அவ்வளவுதான்." ஓய்வு பெற்று இருபது வருடத்துக்கு மேல் ஆன ஆளின் ஆசை அது. தோற்றுவிட்டோமா என்று பயப்படுகிறவர் இப்படிக் கேட்கமாட்டார் என்று எனக்குப் பட்டது.

காரை என்னால் கொண்டுவர முடியாது. போன முறை ஃபோஷானிலிருந்து கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் சொல்லி, அவர்கள் ஆபரேட்டர்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிவந்தேன். இருநூறு யுவான்கூட இல்லை. யாருக்கு என்று கேட்டார். பென்ஷன் வருகிறவருக்கு என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கராஜில் பெரியவர் அதைக் கையில் வாங்கி, முதலில் எடையைப் பார்த்தார். திருகிப் பார்த்தார். ராட்செட் சத்தம் பிளாஸ்டிக் சத்தமாக இருக்கிறது என்றார். அப்புறம் மரப்பெட்டியிலிருந்து அரை அங்குல கேஜ் பிளாக்கை எடுத்தார், அளவுக் கருவி சரியா என்று பார்க்க வைத்திருக்கும் கட்டி, நம் ஊரில் ஸ்லிப் கேஜ் என்போம். மெல்லிய தோலால் துடைத்தார், மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் துடைத்தார், மூடிப் பூஜ்யம் வைத்தார். அரை அங்குலம் என்றால் 12.700 மில்லிமீட்டர். பிளாக்கை வைத்து டிக் டிக் டிக். 12.700. எடுத்துத் திருப்பி வைத்தார். 12.700. மூன்றாவது முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். 12.701.

"கை சூடு" என்றார். கருவியைக் குறை சொல்லவில்லை.

அப்படியே அதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தியாவுல இது செய்யுறாங்களா?" செய்கிறார்கள் என்றேன். "உங்கப்பா அதையா வச்சிருக்கார்?" இல்லை, அவரிடம் ஷெஃபீல்டு என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து, மிட்டுடோயோவுக்குப் பக்கத்தில் சீனாவை வைத்து, பழக்க தோஷமோ என்னவோ, மேலே துணியை இழுத்து விட்டார்.